மூக்களவும் மரபணுவும்: டேவிட் ரைக்கின் நூலில் நம் ஹைதராபாத்

டேவிட் ரைக் என்ற அமெரிக்க மரபியல் அறிஞர் 2018-இல் 'ஹூ வீ ஆர் அண்ட் ஹௌ வீ காட் ஹியர்' என்ற நூலை வெளியிட்டார். 'நாம் யார், இங்கே எப்படி வந்து சேர்ந்தோம்' என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். ஹார்வர்டில் பணிபுரிபவர், பழைய எலும்புகளிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்துப் படிக்கும் துறையில் முன்வரிசையில் நிற்பவர். உலகத்து மக்கள் கூட்டங்களைப் பற்றிய இந்தப் புத்தகத்தின் ஆறாவது அத்தியாயம் இந்தியாவுக்கு உரியது. அதில் நம் ஹைதராபாத் முக்கியமான ஓர் இடத்தில் வருகிறது. மாரெட்பள்ளியிலிருந்து மெட்டுகுடா, தார்னாகா தாண்டினால் ஹப்சிகூடா. அங்கே நாம் பஸ்ஸில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே கடந்துபோகும் சி.சி.எம்.பி. என்கிற உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையம்தான் அந்த இடம்.

புத்தகத்தை நம் நண்பர்கள் சிலர் படித்திருக்கிறார்கள். படிக்காதவர்களும் அதைப் பற்றிச் சண்டை போட்டிருக்கிறார்கள். "பாத்தீங்களா சார், ஆரியன் வேற, திராவிடன் வேறன்னு டி.என்.ஏ.வே சொல்லிடுச்சு" என்று ஒரு கட்சி. "அதெல்லாம் வெள்ளைக்காரன் கட்டின கதை, மறுபடி நம்மளப் பிரிக்கப் பாக்கறான்" என்று இன்னொரு கட்சி. இந்த இரண்டு கட்சியும் தேடுகிற 'இனம்' அந்த அத்தியாயத்தில் இல்லை. அதைத் தேடுகிற அவசரத்தில், நம் குடும்பங்களுக்கு உண்மையிலேயே வேண்டிய பக்கங்களை நாம் புரட்டிவிட்டுப் போய்விட்டோம். அதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் குழப்பத்தில் பாதி சொல்லில் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ரேஸ்' என்பதற்குத் தமிழில் 'இனம்' என்கிறோம். மனித இனம், தமிழினம், பெண்ணினம், ஆட்டினம், 'அவங்க நம்ம இனம்' என்று சாதியை நாசூக்காகச் சொல்வது, இலக்கணத்தில் வல்லெழுத்துக்கு இன எழுத்து என்று எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சொல். திருக்குறளில் 46-ஆவது அதிகாரத்தின் பெயர் சிற்றினம் சேராமை. அங்கே இனம் என்றால் ஒருவன் சேர்ந்து பழகும் கூட்டம். நிலத்தின் தன்மைக்கு ஏற்ப நீர் மாறுவதுபோல் சேர்க்கையால் அறிவு மாறும் என்கிறார் வள்ளுவர். அதாவது அவருடைய இனம் பிறப்பால் வருவதல்ல, நாம் தேர்ந்துகொள்வது, வேண்டாமென்றால் விலகலாம். இன்று பள்ளிக்கூட உயிரியல் புத்தகத்தில் அதே 'சிற்றினம்' என்ற சொல், தமக்குள் இனப்பெருக்கம் செய்யும் உயிர்வகை என்று வேறு பொருளில் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரு சொல் சேர்க்கையிலிருந்து பிறப்புக்கு இடம் பெயர்ந்துவிட்டது. மொழிபெயர்ப்பாளர்கள் யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததல்ல. ஆனால் 'திராவிட இனம்' என்று படிக்கும்போது மொழிக்குடும்பமா, பண்பாடா, உடற்கூறா, எதைச் சொல்கிறார்கள் என்று வாசகன் நின்று யோசிக்க வழியில்லாமல் போயிற்று.

மொழிக்குடும்பம் என்பதில் ஐயமில்லை. 1816-இல் சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ், தென்மொழிகள் ஒரே குடும்பம் என்று காட்டினார். 1856-இல் கால்டுவெல் அதைப் பெரிய இலக்கண நூலாக விரித்தார். வம்பு அதற்குப் பிறகுதான். மொழியின் பெயரை உடம்பின் மேல் ஒட்டியவர்கள் பின்னால் வந்தார்கள். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தலைவராக இருந்த ரிஸ்லி, மூக்கின் அகலத்தை அதன் நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கி ஓர் எண் கண்டுபிடித்தார். மூக்கு அகல அகலச் சமூக அந்தஸ்து இறங்கும் என்பது அவர் முடிவு. 'ஆரிய-திராவிடர்', 'மங்கோல-திராவிடர்', 'சிதிய-திராவிடர்' என்று பலகாரக் கடைப் பெயர்ப்பலகை போல இந்தியர்களைப் பட்டியலிட்டார். நம் பக்கத்தில் அந்த வேலையைச் செய்தவர் எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன். அளவுகோல்களை எடுத்துக்கொண்டு மாகாணம் முழுக்கச் சுற்றினார். ரங்காச்சாரி என்பவரின் துணையோடு 1909-இல் அவர் வெளியிட்ட 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' ஏழு தொகுதிகள். சடங்கு, கதை, பழமொழி, தொழில் நுணுக்கம் என்று இன்றும் எடுத்துப் படிக்கத்தக்க செய்திகள் அதில் கொட்டிக் கிடக்கின்றன. மூக்களவு அட்டவணைகள்தான் வீண். இதை நான் இன்றைய அறிவை வைத்துக்கொண்டு சொல்லவில்லை. 1948-இல் அம்பேத்கர் தீண்டப்படாதோர் பற்றிய தம் நூலில், குர்யே தந்த அதே மூக்களவு எண்களை எடுத்துக்கொண்டு, பிராமணரும் தீண்டப்படாதவரும் ஒரே மக்கள்தான் என்று அவற்றிலிருந்தே காட்டினார். சாதி என்பது ரத்தப் பிரிவு அல்ல என்று 1936-லேயே எழுதியவர் அவர். எதிராளியின் அளவுகோலை வாங்கி அவனையே அளந்துவிட்டார். எந்த ஆய்வகமும் இல்லாமல்.

இனி ரைக்கின் அத்தியாயத்துக்கு வருவோம். இரண்டு பேர் இந்த இடத்தில் முக்கியம்: அப்போது சி.சி.எம்.பி.யின் இயக்குநராக இருந்த லால்ஜி சிங், அவரோடு பணியாற்றிய குமாரசாமி தங்கராஜ். (இரண்டாவது பெயரைப் பார்த்ததும் நம்மவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள், தெரியும்.) இந்தியா முழுக்கச் சமூகம் சமூகமாகச் சேகரித்த ரத்த மாதிரிகளின் பெரிய களஞ்சியம் ஹப்சிகூடாவில் இருந்தது, கணக்குப் போடும் புதிய முறைகள் ரைக்கிடமும் நிக் பேட்டர்சனிடமும் இருந்தன. முதல் முடிவுகள் வந்ததும், 2008 அக்டோபரில், இருவரும் ஹைதராபாத் வந்தார்கள். இன்றைய இந்தியரில் பெரும்பாலோர் இரண்டு பழைய மக்கள் கூட்டங்களின் கலப்பு என்று கணக்கு சொன்னது. அவற்றில் ஒன்று ஐரோப்பா, மத்திய ஆசியா, மேற்கு ஆசியா மக்களுக்கு நெருக்கம். அதை 'மேற்கு யூரேசியர்' என்றே எழுதலாம் என்பது வந்தவர்களின் எண்ணம். கூடாது என்றார்கள் இங்கிருந்தவர்கள். தம் அறிவியல் வாழ்க்கையில் அவ்வளவு இறுக்கமான ஒரு நாள் வந்ததில்லை என்கிற தொனியில் ரைக் இதை விவரிக்கிறார். கடைசியில் இரண்டு பெயர்கள் பிறந்தன: 'வட இந்திய மூதாதையர்', 'தென்னிந்திய மூதாதையர்'. கட்டுரை 2009 செப்டம்பரில் 'நேச்சர்' இதழில் வெளியானது.

இந்தக் காட்சியை மறைக்காமல் எழுதியதற்கு ரைக்கைப் பாராட்ட வேண்டும். அறிவியல் கட்டுரைகளில் பெயர்கள் எப்படிப் பிறக்கின்றன என்பதை வெளியே சொல்பவர்கள் குறைவு. ஆனால் காட்சி அவர் பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்ததாக இருக்கிறது. ஹைதராபாத்காரர்களின் தயக்கத்தில் அறிவியல் காரணமும் இருந்தது: தாய்வழி மரபணுவைப் பார்த்தால் இந்தியர்களின் கிளைகளில் மிகப் பெரும்பாலானவை இந்த மண்ணிலேயே பல்லாயிரம் ஆண்டுகள் பழையவை, வெளியிலிருந்து பெருங்கூட்டம் வந்தது என்றால் அதோடு எப்படிப் பொருந்தும்? ரைக் இதைக் குறிப்பிடவே செய்கிறார். இருந்தும் வாசகன் மனத்தில் தங்குவது, மேலைநாட்டார் உண்மையைச் சொல்ல வந்தார்கள், இந்தியர்கள் அரசியலுக்கு அஞ்சினார்கள் என்ற படம்தான். பின்னால் நடந்ததைப் பார்த்தால் அந்தத் தயக்கம் நியாயமானது என்று தோன்றுகிறது. 2019 செப்டம்பரில் இரண்டு ஆய்வுகள் வந்தன. 523 பழங்கால மனிதர்களின் மரபணுவைப் படித்த நரசிம்மன் குழுவின் கட்டுரை 'சயன்ஸ்' இதழில். ராக்கிகடியில் புதைக்கப்பட்ட சிந்துவெளிப் பெண் ஒருத்தியின் மரபணு பற்றிய ஷிண்டே குழுவின் கட்டுரை 'செல்' இதழில். இரண்டிலும் ரைக்கும் இருக்கிறார், தங்கராஜும் இருக்கிறார். அவற்றின்படி 'வட மூதாதையர்' என்பதே ஒரு கலவை: சிந்துவெளி மக்களோடு, சுமார் 2000 முதல் 1500 கி.மு. வரையான காலத்தில் வந்த புல்வெளி மேய்ப்பர்கள் கலந்தது. 'தென் மூதாதையர்' என்பதும் ஒரு கலவை: அதே சிந்துவெளி மக்களோடு, அவர்களுக்கு முன்பே இந்தத் தீபகற்பத்தில் இருந்த வேட்டை மக்கள் கலந்தது. ஆக இரண்டு பேருக்கும் ஒரு பாட்டி பொது. 2008-இல் ஒன்றை 'மேற்கு யூரேசியர்' என்று மூடி முத்திரை வைத்திருந்தால், பத்தே ஆண்டில் முத்திரையை உடைக்க வேண்டி வந்திருக்கும்.

மேய்ப்பர்கள் வந்தது உண்மை. அதை மறுப்பவர்களுக்கு இந்த அத்தியாயம் உதவாது. ஆனால் வந்தவர்கள் 'ஆரிய இனம்', இருந்தவர்கள் 'திராவிட இனம்', இருவரும் இன்றும் தனித்தனியே வாழ்கிறார்கள் என்பதற்கும் உதவாது. 2009 கட்டுரையின் எண்களையே பாருங்கள். 25 சமூகங்களைச் சேர்ந்த 132 பேரை ஆராய்ந்தார்கள். பெரும்பாலான சமூகங்களில் வட மூதாதையின் பங்கு 39 முதல் 71 விழுக்காடு. மேல் முனையில் காஷ்மீரப் பண்டிதர், கீழ் முனையில் ஆந்திரத்து மாலா சமூகம். அதாவது நம் பக்கத்துத் தெருவில் இருக்கும் மாலா குடும்பத்திலும் ஐந்தில் இரண்டு பங்கு 'வடக்கு'. பண்டிதர் வீட்டிலும் கால் பங்குக்கு மேல் 'தெற்கு'. வட மூதாதை கலக்காதவர்கள் அந்தமானின் ஓங்கே போன்ற தீவு மக்கள் மட்டுமே. நிலப்பரப்பில் கலக்காதவர் இல்லாமலே போயிருக்கலாம் என்கிறது கட்டுரை. மேல்சாதி என்று சொல்லப்படுவோரிடமும் வடமொழிக் குடும்ப மொழி பேசுவோரிடமும் வட பங்கு கூடுதலாக இருப்பது உண்மைதான். அது ஏறுமுகமான சாய்தளம். நடுவில் சுவர் இல்லை.

இங்கேதான் அந்தச் சமரசப் பெயர்களின் மேல் எனக்குக் குறை. அறைக்குள் இருந்த நால்வரின் சண்டையைத் தீர்த்த பெயர்கள், தெருவில் புதுச் சண்டையைக் கிளப்பிவிட்டன. வட இந்தியர், தென்னிந்தியர் என்பவை நமக்கு இன்றைய பெயர்கள். ரயிலில், ஆபீசில், ரேஷன் கடை வரிசையில் புழங்கும் பெயர்கள். அவற்றை நாலாயிரம் ஆண்டுக்கு முந்திய கூட்டங்களுக்குச் சூட்டினால், படிப்பவன் தன்னை ஒன்றில் தேடுவான். தமிழர்களாகிய நாம் ஒரு நொடியும் தாமதிக்காமல் 'தென் மூதாதையர்' பக்கம் போய் உட்கார்ந்துகொண்டோம். அத்தியாயத்தின் தலைப்பும் அதற்கு உடந்தை: இந்தியாவை உருவாக்கிய 'மோதல்' என்கிறது. உள்ளே விவரிப்பது பெரும்பாலும் இரண்டாயிரம் ஆண்டுக் கல்யாணங்களை. அவற்றில் சமமற்ற கல்யாணங்களும் வலுக்கட்டாயமும் நிறைய இருந்திருக்கும் என்பதை ரைக் சொல்கிறார், மறுக்கவில்லை. ஆனாலும் மோதல் என்றதும் குதிரையும் வாளும்தானே கண்முன் வரும்? புத்தகம் விற்பவர்கள் வைக்கிற தலைப்பு.

மனிதர்களுக்குள் மரபணு வேறுபாடே கிடையாதா என்று கேட்டால், உண்டு. எவ்வளவு, எப்படிப்பட்டது என்பதுதான் கேள்வி. 1972-இல் ரிச்சர்ட் லெவொண்டின் 17 ரத்தக்கூறுகளை எடுத்துக் கணக்கிட்டார். மனிதரிடையே உள்ள மொத்த வேறுபாட்டில் சுமார் 85 விழுக்காடு ஒரே மக்கள் கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. 'இனங்கள்' என்று சொல்லப்படுபவற்றுக்கு இடையே இருப்பது சுமார் 6 விழுக்காடுதான் என்றார். 2003-இல் எட்வர்ட்ஸ் ஒரு மறுப்பு எழுதினார்: தனித்தனியாகப் பார்த்தால் அப்படித்தான்; பல நூறு கூறுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒருவனின் முன்னோர் எந்தப் பக்கத்தவர் என்று சொல்லிவிடலாம். இருவரும் சொன்னது சரி. நமக்கு இது புரியக் கஷ்டமே இல்லை. ஒருவர் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினால் திருநெல்வேலியா, கோயம்புத்தூரா, தஞ்சாவூரா என்று நாம் சொல்லிவிடுவோம். வெளிமாநிலத்தில் இருக்கும் தமிழனுக்கு இந்தக் காது இன்னும் கூர்மை. அதற்காக மதுரைத் தமிழ் எந்த பஸ் ஸ்டாப்பில் முடிந்து நெல்லைத் தமிழ் எங்கே ஆரம்பிக்கிறது என்று கோடு போட முடியுமா? ஊரைக் கண்டுபிடிக்க முடிவதும், ஊர்களுக்கு நடுவே எல்லைக்கோடு இல்லாமல் இருப்பதும் ஒருசேர உண்மை. பெரிய நிலப்பரப்புகளில் மனித மரபணுவும் பெரும்பாலும் இப்படித்தான் மாறிக்கொண்டு போகிறது.

இன்னொன்று. ஒரு கூறு இன்னொரு கூறோடு சேர்ந்து போவதில்லை. அரிவாள் ரத்தச்சோகையை ஆப்பிரிக்க ரத்தத்தின் அடையாளம் என்றே ஒரு காலத்தில் டாக்டர்கள் நினைத்தார்கள். 1952-இல் லேமனும் கட்பஷும் நம் நீலகிரி மலைக்குடிகளிடம் அதைக் கண்டார்கள். உடனே இதுவும் ஒரு பழைய இனத்தின் முத்திரை என்று புது இனக்கதை கிளம்பியது. காரணம் அதைவிட எளிமையானது: அந்த மாற்றம் ஒரு பிரதி இருந்தால் மலேரியாவிலிருந்து பிள்ளைகளைக் காக்கிறது, இரண்டு பிரதி சேர்ந்தால் நோய். ஆகவே மலேரியாக் காடுகளில் அது நிலைத்தது, ஆப்பிரிக்காவிலும் அரேபியாவிலும் மத்திய இந்தியாவிலும் நீலகிரியிலும். மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றில் வளர்வதை ரொனால்ட் ராஸ் 1897 ஆகஸ்டு 20-ஆம் தேதி கண்டுபிடித்தது நம் செகந்திராபாத்தில், பேகம்பேட்டையில். இனக்கதையைக் கவிழ்க்கும் சாவி இவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறது.

தோல் நிறமும் அப்படியே. 2005-இல் வரிக்குதிரை மீன் என்ற சின்ன மீனில் முதலில் பிடிபட்ட ஒரு மரபணு மாற்றம், ஐரோப்பியரின் வெளிர் நிறத்துக்குப் பெரிய காரணம் என்று தெரிந்தது. 2013-இல் தங்கராஜும் சகாக்களும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தென்னிந்தியரிடம் பார்த்தார்கள். அதே மாற்றம், ஒரே மூதாதையிடமிருந்து வந்த அதே எழுத்துப்பிழை, நம்மிடமும் இருக்கிறது. நம் நிற வேறுபாட்டில் கால் பங்குக்கு மேல் அந்த ஒன்றாலேயே. தாயும் தந்தையும் ஆளுக்கு ஒரு பிரதி வைத்திருந்தால், ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் சிவப்பு, தம்பி கறுப்பு என்று ஆகலாம். "இவன் யாரக் கொண்டு பொறந்தானோ" என்று வீட்டில் அடிபடும் அந்தக் கேள்விக்குப் பதில் இதுதான்.

ஹப்சிகூடா என்ற பெயரே ஹப்சிகள், அதாவது ஆப்பிரிக்கர்கள், வாழ்ந்த இடம் என்பதால் வந்தது என்று சொல்வார்கள். நிஜாமின் ஆப்பிரிக்கக் குதிரைப்படைக்காரர்கள் குடியிருந்த பகுதி இன்றும் ஏ.சி. கார்ட்ஸ். குஜராத், கர்நாடகத்து சித்திகளை 2011-இல் இதே மையம் ஆராய்ந்தபோது, ஆப்பிரிக்க முன்னோரோடு இந்திய முன்னோரும் அவர்களில் கலந்து சுமார் எட்டுத் தலைமுறை ஆகிறது என்று வந்தது. எட்டுத் தலைமுறை என்பது செகந்திராபாத் கண்டோன்மெண்டின் வயது. 1806-இல் அது உருவானபின் மதராஸ் படையோடும் அதன் பின்னாலும் வந்த தமிழர்களின் கொள்ளுப்பேரன்மார் இங்கே எத்தனை பேர்! கலப்பு என்பது ஏதோ வேதகாலச் சங்கதி அல்ல.

ரைக்கின் பதினோராவது அத்தியாயம் நேராக 'ரேஸ்' பற்றியது. இனம் என்பது சமூகக் கற்பனை என்று சொல்லி மரபணு வேறுபாட்டைப் பற்றிப் பேசாமலே இருப்பது ஆபத்து, பேசாவிட்டால் வெறுப்பாளர்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வார்கள் என்பது அவர் வாதம். 2018 மார்ச்சில் ஒரு நாளிதழிலும் எழுதினார். அறிஞர்கள் 67 பேர் கையெழுத்திட்டு மறுத்தார்கள்: மக்கள்கூட்ட வேறுபாடு உண்டு என்பதை யாரும் மறுக்கவில்லை, அதை ஏன் 'இனம்' என்ற பழைய பெட்டியில் போடுகிறீர்கள் என்று. என் ஓட்டு இந்த 67 பேருக்கு. ஆச்சரியம் என்னவென்றால், அவர்கள் தேடிய சிறந்த சாட்சி ரைக்கின் சொந்த ஆறாவது அத்தியாயம்தான். இந்தியாவில் அவர் கண்டது, அமெரிக்கர்கள் நினைக்கும் மாதிரி நாலைந்து பெரிய இனங்களை அல்ல. ஒரே மூதாதையர்களின் கலவையிலிருந்து வந்து, பிறகு தனித்தனி அறைகளில் கதவைச் சாத்திக்கொண்ட ஆயிரக்கணக்கான சிறு கூட்டங்களை.

நாம் புரட்டிவிட்டுப் போன பக்கங்கள் இவைதான். 2013-இல் மூர்ஜானி, தங்கராஜ், ரைக் முதலானோர் 73 சமூகங்களைக் கணக்கிட்டு, பெருங்கலப்பு நடந்த காலம் இன்றைக்கு 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன் என்றார்கள். அதற்குப் பிறகு கலப்பு நின்றுபோனது. ஊர் கூடிக் கல்யாணம் செய்துகொண்டிருந்தவர்கள் சாதிக்குள் அடங்கிவிட்டார்கள். 2017-இல் 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில் இதே கூட்டணியின் இன்னொரு கட்டுரை: ஆராய்ந்த 263 தெற்காசியச் சமூகங்களில் 81-இல், சிறு எண்ணிக்கையிலான முன்னோரிடமிருந்து பெருகிய தடயம், மருத்துவ உலகில் இதற்குப் பேர்போன ஃபின்லாந்து மக்களையும் அஷ்கெனாசி யூதர்களையும் விட அழுத்தமாக இருந்தது. இந்த 81-இல் 14 சமூகங்கள் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ஜனத்தொகை கொண்டவை. இந்தியாவைப் பெரிய ஜனத்தொகை என்று எண்ணாதீர்கள், சிறுசிறு ஜனத்தொகைகளின் பெரிய குவியல் என்று எண்ணுங்கள் என்பது ரைக்கின் முடிவு. புத்தகத்திலேயே நமக்கு மிகவும் பயன்படும் கருத்து இதுதான் என்பேன்.

இதனால் என்ன என்பதற்கு அவர் காட்டும் உதாரணம் நம் தெலுங்கு நாட்டு வைசிய சமூகம். சுமார் 50 லட்சம் பேர். அறுவை சிகிச்சையில் மயக்கம் கொடுக்கும்போது தசைகளைத் தளர்த்தச் சக்சினில்கோலின் என்ற மருந்து போடுவார்கள். சில நிமிஷத்தில் உடம்பு அதைக் கரைத்துவிடும். அதைக் கரைக்கும் நொதி இல்லாதவர்களுக்கு மூச்சுத் தசைகள் மணிக்கணக்கில் இயங்காது. செயற்கைச் சுவாசக் கருவி இல்லையென்றால் உயிர் போய்விடும். உலகில் அபூர்வமான இந்தக் குறை வைசியரிடம் மிக அதிகம். மயக்க மருந்து டாக்டர்கள் "நீங்க வைசியாவா?" என்று கேட்டுக்கொள்வது இதனால்தான். யாரையும் தாழ்த்துவதற்காகக் கேட்கிற கேள்வி அல்ல. இங்கே சாதியின் பெயர் உயிரைக் காக்கிறது, ஆனால் சாதி ஓர் இனம் என்பதால் அல்ல. ஏதோ ஒரு முன்னோரிடம் தற்செயலாக இருந்த ஒரு பிழை, வெளியே போகக் கதவு இல்லாததால் உள்ளேயே பெருகியது.

வைசியரைக் காட்டி ரைக் இன்னொரு முடிவுக்கும் தாவுகிறார்: சாதி இறுகியது ஆங்கிலேயர் காலத்தில்தான் என்ற வரலாற்றாசிரியர் டர்க்ஸ் போன்றோரின் கருத்து இதனால் அடிபடுகிறது என்கிறார். வைசியருக்குச் சரி. எல்லாருக்கும் பொருந்துமா? 263-இல் 81 என்றால் மீதி 182 இருக்கிறதே. கள்ளர், மறவர், அகமுடையார் மெல்ல மெல்ல வெள்ளாளர் ஆனார்கள் என்று நம்மூரில் பழமொழியே உண்டு. கதவுகள் எல்லாம் ஒரே இரவில், ஒரே மாதிரி சாத்தப்படவில்லை. சில இன்றும் ஒருக்களித்தே இருக்கின்றன. இந்த இடத்தில் புள்ளிவிவரக்காரரின் கை சற்று வேகமாகப் போய்விட்டது.

நம் வீடுகளுக்கு வருவோம். சொந்தத்தில் செய்தால் குழந்தைக்குக் கோளாறு வரும் என்பது இன்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் தமிழ்நாட்டில் நான்கில் ஒரு கல்யாணத்துக்கு மேல் அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்றே நடக்கிறது. "நாங்க சொந்தத்துல பண்ணல, கோத்திரம் பாத்துத்தான் பண்ணோம்" என்று நிம்மதியாக இருப்பவர்களுக்குத்தான் 2017 கட்டுரை புதுச் செய்தி சொல்கிறது. உறவே இல்லாத இருவரானாலும், ஆதியில் சிறு கூட்டமாக இருந்த ஒரே சாதியில் பிறந்தவர்களானால், பல நூற்றாண்டுக்கு முந்திய ஒரே பாட்டனிடமிருந்து ஒரே பிழையை இருவரும் வாங்கியிருக்கலாம். கோத்திரம் ஆண்வழியை மட்டும் விலக்குகிறது; மற்ற வழிகள் எல்லாம் திறந்தே கிடக்கின்றன. வெளியூரில் வாழும் நமக்கு இது இன்னும் நெருக்கம். ஊரில் ஆயிரம் குடும்பத்தில் தேடியவர்கள், இங்கே செகந்திராபாத்தில் நாற்பது குடும்பத்தில் அதே உட்பிரிவைத் தேடுகிறோம். இம்மலரின் கடைசிப் பக்கங்களிலும் வழக்கம்போல் வரன் விளம்பரங்கள் இருக்கும். உட்பிரிவு, நட்சத்திரம், நிறம் மூன்றும் தவறாமல் இருக்கும்.

ரைக் ஒரு வழி சொல்கிறார். பழைமையில் ஊறிய யூதக் குடும்பங்களுக்காக 1983-இல் தொடங்கிய 'டோர் யெஷோரிம்' என்ற ஏற்பாடு: பிள்ளைகளின் ரத்தத்தைச் சோதித்து, பெரியோர் பார்த்துச் செய்யும் கல்யாணத்துக்கு முன் பொருத்தம் பார்க்கிறார்கள். இந்தியாவிலும் பெரியோர் பார்த்துத்தானே செய்கிறீர்கள், இதையும் பார்க்கலாமே என்கிறார். நல்ல யோசனை. ஆனால் அந்த ஏற்பாட்டின் உயிர்நாடி, சோதித்தது அல்ல, சொல்லாமல் இருப்பது. அங்கே பையனுக்கோ பெண்ணுக்கோ முடிவு தெரியாது. ஆளுக்கு ஒரு எண். இரண்டு எண்களையும் கொடுத்தால் பொருந்தும், பொருந்தாது என்று மட்டும் பதில் வரும். யாரிடம் என்ன பிழை என்று ஊர் அறியாது. ஒரு பிரதி சுமப்பவர் முழு ஆரோக்கியமானவர், அவருக்கு எந்த நோயும் இல்லை என்பது புரியாத ஊரில் இந்த மறைப்பு இல்லாவிட்டால் என்ன நடக்கும்? தலசீமியாவுக்கான சாதாரண ரத்தப் பரிசோதனையே நம்மில் எத்தனை வீடுகளில் கல்யாணத்துக்கு முன் செய்கிறோம்? செய்தாலும், ஒரு பெண்ணின் ரிப்போர்ட் ஒருமுறை ஒரு மாமியின் வாட்ஸ்ஆப்புக்குப் போய்விட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அது மல்காஜ்கிரி வரை போய்விடும், "அந்தப் பொண்ணுக்கு ஏதோ ரத்தத்துல கோளாறாம்" என்று. சோதனைக்கூடங்கள் நம் ஊரில் வேண்டிய மட்டும் இருக்கின்றன. அந்த எண் முறையை யார் நடத்துவது, எந்தச் சங்கத்தின் பெட்டியில் பூட்டி வைப்பது என்பதைப் பற்றி ரைக்கின் அத்தியாயத்தில் ஒரு வரியும் இல்லை. அதை எழுத வேண்டியவர்கள் ஹார்வர்டில் இல்லை.